சாலையோர அரைவட்டப் பலகையை ஐந்து வயதுக் குழந்தைக்கு எப்படி விளக்குவது?

மெல்பர்னுக்குக் கிழக்கே டாண்டெனாங் மலையடிவாரத்துக்கு வீடு மாறியிருக்கிறீர்கள். பெண்ணுக்கு 5 வயது, பையனுக்கு 3. போன வாரம் காரில் போகும்போது காட்டுத்தீ அபாயத்தைக் காட்டும் சாலையோர அரைவட்டப் பலகையில் முள் ஆரஞ்சில் நிற்பதைப் பார்த்து "அது என்னம்மா" என்று பெண் கேட்க, அவசரத்தில் "இன்னைக்கு தீ பிடிக்கும்னு போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டீர்கள். அன்றிலிருந்து மூன்று ராத்திரியாக அவள் தனியே தூங்க மாட்டேன் என்கிறாள். டிசம்பரில் மதுரையிலிருந்து மாமியார் வேறு வருகிறார், விடுமுறை முழுக்கப் பகலில் பிள்ளைகள் அவரோடுதான். இந்த வயதில் இதையெல்லாம் சொல்லத்தான் வேண்டுமா, சொன்னால் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்லத்தான் வேண்டும். இதே மலைப்பக்கத்தில் பன்னிரண்டு வருடமாகக் கிண்டர் (மழலையர் பள்ளி) டீச்சராக இருக்கிறேன், ஒவ்வொரு நவம்பரிலும் இந்தப் பேச்சை நான்கு வயதுக்காரர்களோடு பேசுகிறேன். நான் பார்த்த வரையில், தகவல் தெரிந்து பயந்த குழந்தையை விட அரைகுறையாகத் தெரிந்து பயந்த குழந்தைதான் அதிகம். உங்கள் பெண் இப்போது அந்த இரண்டாவது நிலையில்தான் இருக்கிறாள். பலகை ஏதோ பெரிதாகச் சொல்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதற்கு அம்மா அப்பா என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரியவில்லை. அந்தப் பாதியைக் கொடுத்தால் போதும்.

ஆனால் முதலில் நீங்கள் சரி செய்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பலகை இன்றைக்குத் தீ பிடிக்கும் என்று சொல்லவே இல்லை. இன்றைக்கு எங்காவது தீ பிடித்தால் அது எவ்வளவு மோசமாக ஓடும், அணைப்பது எவ்வளவு கஷ்டம், எவ்வளவு சேதமாகும் என்று மட்டுமே சொல்கிறது. வெயில், காற்று, காற்றில் ஈரம், காய்ந்த புல்லும் சருகும் எவ்வளவு என்பதையெல்லாம் வைத்துப் போடும் கணக்கு. ஃபயர் டேஞ்சர் ரேட்டிங் என்பது இதுதான். இது நாளைப் பற்றியது. எங்கோ நிஜமாகவே தீ எரிய ஆரம்பித்தபின் வானொலியிலும் மாநில அரசின் விக்எமர்ஜென்சி ஆப்பிலும் வருகிற முக்கோணக் குறி இருக்கிறதே, அது வேறு. அது ஒரு குறிப்பிட்ட தீயைப் பற்றியது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாத பெரியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் உட்பட.

குழந்தைக்கு நான் சொல்வது இப்படி: குளியலறைத் தரை ஈரமாக இருந்தால் அம்மா என்ன சொல்வாள்? "ஓடாதே, வழுக்கும்." யாரும் இன்னும் விழவில்லை. ஆனால் இன்றைக்கு ஓடினால் பலமாக விழுவோம். அரைவட்டப் பலகை என்பது "தரை ஈரமா இருக்கு" என்று சொல்வது மாதிரி. முக்கோணம் என்பது "யாரோ விழுந்துட்டாங்க, இங்கே" என்று சொல்வது மாதிரி. நான்கு வயதுக் குழந்தைக்கு இது புரிகிறது. மறுநாள் அவர்களே "இன்னைக்கு தரை ரொம்ப ஈரம்" என்று முள்ளைப் பார்த்துச் சொல்லுவார்கள். காய்ந்து கிடக்கிற நாளை ஈரம் என்று சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான், ஆனால் அவர்களுக்கு அதில் குழப்பமே இல்லை.

அப்புறம் நிறம். இங்கேதான் உண்மையான சிக்கல்.

2022 செப்டம்பர் 1 முதல் ஆஸ்திரேலியா முழுக்க ஒரே பலகை. அதற்கு முன் ஆறு படிகள் இருந்தன, லோ-மாடரேட்டில் ஆரம்பித்து வெரி ஹை, சிவியர் என்று வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும், எது எதற்கு மேல் என்று எனக்கே மறக்கும். இப்போது நான்குதான். பச்சையில் மாடரேட், மஞ்சளில் ஹை, ஆரஞ்சில் எக்ஸ்ட்ரீம், கரும்சிவப்பில் கேட்டஸ்ட்ரோஃபிக். இவற்றுக்குக் கீழே ஒரு வெள்ளைப் பட்டை, அதற்குப் பெயர் இல்லை, ரேட்டிங் இல்லாத நாளுக்கு. ஒவ்வொரு படிக்கும் அரசு சொல்லும் வேலை ஒன்று உண்டு. மாடரேட் என்றால் திட்டம் போட்டுத் தயாராகுங்கள், ஹை என்றால் காரியத்தில் இறங்கத் தயாராக இருங்கள், எக்ஸ்ட்ரீம் என்றால் உயிரையும் உடைமையையும் காக்க இப்போதே காரியத்தில் இறங்குங்கள், கேட்டஸ்ட்ரோஃபிக் என்றால் உயிர் பிழைக்க வேண்டுமானால் தீ அபாயப் பகுதியை விட்டுப் போய்விடுங்கள்.

இப்போது ஒரு குழந்தையின் கண்ணால் பாருங்கள். இரண்டு வயதிலிருந்து அவளுக்கு நாம் என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? பச்சை என்றால் போகலாம். சிவப்பு என்றால் நில். இந்தப் பலகையிலோ பச்சை நாளிலும் தீ பிடிக்கலாம், சிவப்பு நாளில் நிற்கவே கூடாது, போய்விட வேண்டும். அப்படியே தலைகீழ். என் வகுப்பில் ஒரு குட்டிப் பையன், சிவப்பில் முள் நின்றால் என்ன செய்யணும் என்று கேட்டதற்கு, இரண்டு கையையும் தொடையில் ஒட்டிக்கொண்டு சிலை மாதிரி நின்று காட்டினான். எல்லோரும் சிரித்தோம், எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. அதனால் இதை வாய் திறந்து சொல்லிவிடுங்கள்: "இது ரோட்டு சிக்னல் இல்லை. இது வேற பலகை. இதில் பச்சைன்னா கண்ணைத் திறந்து வெச்சுக்கணும், சிவப்புன்னா நாம இங்கேருந்து கிளம்பிப் போயிடுவோம்."

இன்னொரு குழப்பமும் உண்டு. முக்கோண எச்சரிக்கைக்கும் நிறம் இருக்கிறது, அது மூன்று படி. மஞ்சள் அட்வைஸ், ஆரஞ்சு வாட்ச் அண்ட் ஆக்ட், சிவப்பு எமர்ஜென்சி வார்னிங். ஆக ஆரஞ்சு என்றால் ஒரு இடத்தில் ஒன்று, இன்னொரு இடத்தில் இன்னொன்று. ஐந்து வயதுக்கு முக்கோணத்தின் நிறங்களைச் சொல்லிக் கொடுக்காதீர்கள், தேவையில்லை. அரைவட்டம் என்றால் நாள், முக்கோணம் என்றால் தீ, முக்கோணம் வந்தால் பெரியவர்கள் சொல்வதை உடனே கேட்கணும், அவ்வளவே. எட்டு வயதில் மீதியைச் சொல்லலாம்.

ஆனால் நீங்களும் மாமியாரும் முக்கோணத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த ஆங்கிலச் சொற்கள் நம் காதுக்கு வேறு மாதிரி விழும். அட்வைஸ் என்றதும் நமக்கு யாரோ அறிவுரை சொல்கிற மாதிரி, கேட்காமல் விட்டாலும் பரவாயில்லை என்கிற மாதிரி தோன்றும். உண்மையில் அதன் அர்த்தம், தீ ஒன்று எரிகிறது, இப்போதைக்கு உடனடி ஆபத்து இல்லை, ஆனால் காதைத் திறந்து வைத்திருங்கள் என்பது. வாட்ச் அண்ட் ஆக்ட் இன்னும் மோசம். வாட்ச் என்றதும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். அதில் உயிரான சொல் ஆக்ட். நிலைமை மாறுகிறது, கிளம்புவதாக இருந்தால் கிளம்பு என்று அர்த்தம். பெரும்பாலான குடும்பங்களுக்கு நிதானமாகக் கிளம்பக் கிடைக்கிற கடைசி சந்தர்ப்பம் இதுதான். சிவப்பு எமர்ஜென்சி வார்னிங் வந்தபின் சில சமயம் அதில் உடனே கிளம்பு என்றிருக்கும், சில சமயம் கிளம்ப நேரம் கடந்துவிட்டது, உள்ளே இரு என்றே இருக்கும். வீட்டில் தமிழில் இப்படிச் சொல்லிப் பழகுங்கள்: மஞ்சள் முக்கோணம் "கேட்டுக்கிட்டே இரு", ஆரஞ்சு "எழுந்திரு, கிளம்பு", சிவப்பு "ரேடியோ என்ன சொல்லுதோ அதை இந்த நிமிஷமே செய்". எந்த அகராதியிலும் இப்படி இருக்காது, ஆனால் மாமியாருக்குப் புரியும்.

மூன்று வயதுப் பையனுக்கு இந்த நிறம், முள் எதுவும் வேண்டாம். அவனுக்கு மூன்றே சங்கதி. புகை வாசனை வந்தாலோ, தீயைப் பார்த்தாலோ பெரியவர்களிடம் ஓடி வந்து சொல்லணும். தீப்பெட்டி, லைட்டர் கிடந்தால் தொடாமல் வந்து சொல்லணும். மூன்றாவதுதான் பலர் விட்டுவிடுவது: ஒளியக் கூடாது. சின்னக் குழந்தைகள் பயந்தால் கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள் போய் ஒளிந்துகொள்வார்கள், தீ தன்னைக் கண்டுபிடிக்காது என்று. அவர்களுக்குத் தீ என்பது துரத்துகிற பூதம். கிளம்ப வேண்டிய நேரத்தில் ஒரு குழந்தையை வீடு முழுக்கத் தேட வேண்டி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் நாங்கள் கண்ணாமூச்சிக்கு எதிரான ஒரு விளையாட்டு வைத்திருக்கிறோம். நான் ஒரு மணியை ஆட்டினால் எங்கே இருந்தாலும் ஓடி வந்து வாசல் விரிப்பின் மேல் நிற்க வேண்டும், கடைசியாக வருபவரைக் கேலி செய்யக் கூடாது. உங்கள் வீட்டுப் பூஜை மணியே போதும்.

நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம், பிள்ளைகளுக்குப் பழகட்டும் என்று, வானொலியில் அவசர எச்சரிக்கைக்கு முன்னால் ஒலிக்கும் அந்த ஏறி இறங்கும் சைரன் சத்தத்தை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் போனில் போட்டுக் காட்டினேன். மூன்று பேர் அழுதார்கள், ஒருத்தி மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள், அன்று சாயங்காலம் பெற்றோரின் தொலைபேசிகளுக்குப் பதில் சொல்லியே தொண்டை வறண்டது. இப்போது முதலில் வாயால் நானே அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டுகிறேன், அவர்களும் போடுகிறார்கள், சிரித்து முடித்தபின் நிஜ ஒலியை மெதுவாக ஒரே ஒரு தரம். அதோடு இங்கே மலையூர்களில் தீயணைப்பு நிலையச் சைரன் அடிக்கடி ஒலிக்கும், அதற்கும் பெண் பயப்படுவாள். ஒன்றரை நிமிடத்துக்குள் நின்றுவிட்டால் சி.எஃப்.ஏ. என்கிற விக்டோரியாவின் ஊரகத் தீயணைப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் எங்கோ வேலைக்குக் கிளம்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம், ஐந்து நிமிடம் போல நீண்டு ஒலித்தால்தான் நாம் ரேடியோவையோ ஆப்பையோ பார்க்க வேண்டும். அவளிடம் "சைரன் மாமாக்கள் வேலைக்குப் போறாங்க" என்று சொன்னால் போதும், பாதிப் பயம் அங்கேயே போகும்.

தீ எப்படிப் பரவுகிறது என்பதைப் பற்றவைக்காமலே காட்டலாம். தோட்டத்தில் யூகலிப்டஸ் பட்டைகளைப் பொறுக்கி வரச் சொல்லுங்கள். காய்ந்ததைக் கையில் நொறுக்கச் சொல்லுங்கள், ஈரமானதையும் நொறுக்கச் சொல்லுங்கள், எது படபடவென்று உடைகிறது என்று அவளே சொல்வாள். பிறகு ஆரஞ்சு காகிதத்தைத் துணுக்குத் துணுக்காகக் கத்தரித்து வாசலில் வைத்து ஒரு மின்விசிறியைப் போடுங்கள். துணுக்குகள் எங்கெல்லாம் போய் விழுகின்றன என்று அவள் எண்ணட்டும். கால்மிதியில் ஒன்று, பூந்தொட்டியில் ஒன்று, கதவிடுக்கில் இரண்டு. இவைதான் தீப்பொறிகள். தீ ஒரு சுவர் மாதிரி நடந்து வரும் என்றுதான் பெரியவர்களும் நினைக்கிறோம், ஆனால் காட்டுத்தீயில் வீடுகள் பெரும்பாலும் இந்தப் பொறிகளால்தான் பற்றுகின்றன. விக்டோரியாவில் பெரும் காட்டுத்தீ எரிந்த 2009 பிப்ரவரி 7, கறுப்புச் சனிக்கிழமையன்று, பொறிகள் தீயின் முகப்புக்கு 30 கிலோமீட்டருக்கும் அப்பால் போய் விழுந்து புதுத் தீயை மூட்டின. அந்த எண்ணைக் குழந்தையிடம் சொல்ல வேண்டாம், "ரோட்டுக்கு அந்தப் பக்கம்தானே தீ" என்று நினைக்கும் உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். துணுக்கு விளையாட்டு முடிந்ததும் அந்தக் கால்மிதியையும் கூரைத் தாழ்வாரத்துச் சருகையும் எடுத்துப் போடுவது இயல்பாக அடுத்த வேலையாகிவிடும், பிள்ளைகள் அதில் உற்சாகமாக இறங்குவார்கள்.

மேடு ஏறுவது இன்னொரு வேடிக்கை. நாம் மேட்டில் மெதுவாக ஏறுவோம், இறக்கத்தில் ஓடுவோம். தீ அப்படியே மாறி. மேட்டில்தான் ஓடும், சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். "தீக்குக் கால் வலிக்காது, அது மேட்டுலதான் வேகமா ஓடும்" என்று சொன்னபோது ஒரு குழந்தை "அப்போ நம்ம வீடு மேட்டுல இருக்கே" என்றது. ஆமாம், அதனால்தான் நாம் சீக்கிரமே கிளம்பிவிடுவோம் என்றேன். பயந்ததாகத் தெரியவில்லை, தலையாட்டிவிட்டு ஊஞ்சலுக்குப் போய்விட்டது.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வருகிறது. குழந்தையிடம் பேசுவதற்கு முன் உங்களிடம் திட்டம் இருக்க வேண்டும். "அம்மா, சிவப்பு வந்தா நாம எங்கே போவோம்?" என்று அவள் அடுத்து கேட்பாள், அப்போது நீங்களும் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் எல்லாம் போச்சு. யார் வீட்டுக்கு, எந்தச் சாலை வழியாக, அந்தச் சாலை அடைத்திருந்தால் வேறு எந்த வழி, எந்த ரேட்டிங் வந்தால் கிளம்புவோம், முந்தின ராத்திரியா, காலையிலேயா. இதை முடிவு செய்து எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். உங்கள் மாதிரி மலையடிவாரத்தில் சின்னப் பிள்ளைகளோடு இருப்பவர்களுக்கு என் சொந்த அபிப்பிராயம், எக்ஸ்ட்ரீம் நாளிலேயே காலையில் கிளம்பி மலையை விட்டுத் தள்ளி கிளேட்டனிலோ டாண்டெனாங் நகரிலோ நண்பர்கள் வீட்டில், நூலகத்தில், மாலில் பொழுதைப் போக்கிவிட்டு வாருங்கள். பத்து தடவை சும்மா போய் வந்ததாக ஆகும். ஆகட்டுமே. கேட்டஸ்ட்ரோஃபிக் என்று அறிவித்தால் அபாயப் பட்டியலில் உள்ள பள்ளிகளையும் கிண்டர்களையும் அன்று மூடிவிடுவார்கள், உங்கள் பள்ளி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள், அன்றைக்குக் காலையில் கேட்காதீர்கள். ரேட்டிங் நான்கு நாள் முன்கூட்டியே தெரியும். மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், உங்களுடையது சென்ட்ரல்.

திட்டத்தில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வேலை கொடுங்கள், சின்ன வேலை, நிஜமான வேலை. பெண் தினமும் காலையில் ஆப்பைப் பார்த்து ஃபிரிட்ஜில் ஒட்டிய அட்டை அரைவட்டத்தில் முள்ளைத் திருப்பட்டும். இதை மோசமான நாளில் மட்டும் செய்யாதீர்கள், அப்படிச் செய்தால் அந்த அட்டையே பூச்சாண்டியாகிவிடும். நவம்பரிலிருந்து தினமும், பல் தேய்ப்பது மாதிரி. வெள்ளையும் பச்சையுமாகப் பல நாள் போகும், அந்த அலுப்புதான் நமக்கு வேண்டியது. பையன் தன் பையில் ஒரு பொம்மையும் தண்ணீர் புட்டியும் வைத்துக்கொள்ளட்டும். பையில் முழுக்கை, முழுக்கால் பருத்தி உடுப்பும் மூடிய ஷூவும் இருக்கட்டும். நைலான் இளவரசி கவுன் வேண்டாம், சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும், ஆனால் அதை அப்படியே சொல்லாமல் "இளவரசி வீட்டுல இருக்கட்டும்" என்று சமாளியுங்கள். பூனையோ நாயோ இருந்தால் அதற்கான கூடையும் கயிறும் எங்கே என்பதுதான் குழந்தைகளின் முதல் கேள்வியாக இருக்கும், வீடு எரியுமா என்பதை விட. அதற்கு விடை இல்லாமல் மற்றதெல்லாம் அவர்கள் காதில் ஏறாது.

இந்த மலைப்பக்கத்தில் எனக்குத் தெரிந்த சிறந்த பாடப்புத்தகம் ஒரு கட்டடம். காக்கட்டூ ஊரில் இருக்கிற பழைய கிண்டர். 1983 பிப்ரவரி 16, சாம்பல் புதன் என்று சொல்வார்கள், விக்டோரியாவிலும் தென் ஆஸ்திரேலியாவிலுமாக 75 பேர் இறந்த நாள். அன்று ராத்திரி ஊரைத் தீ சூழ்ந்தபோது சுமார் 300 பேர், பெரும்பாலும் தாய்மாரும் பிள்ளைகளும், அந்தக் கிண்டருக்குள் இருந்து பிழைத்தார்கள், சிலர் கூரை மேல் ஏறி விழுந்த பொறிகளை அணைத்துக்கொண்டே இருந்தார்கள். இப்போது அது காட்டுத்தீ பற்றிச் சொல்லிக் கொடுக்கும் மையம். பிள்ளைகளோடு ஒரு நாள் போய்வாருங்கள், குளிர்காலத்தில் போனால் இன்னும் நல்லது. நான் இதைக் கதையாகச் சொல்லும்போது ஒரு வார்த்தை கவனமாகச் சேர்ப்பேன்: அவர்களுக்குக் கிளம்ப நேரம் கிடைக்கவில்லை, அதனால் உள்ளே இருந்தார்கள், நாம் அதற்கு முன்பே போய்விடுவோம். இல்லையென்றால் தீ வந்தால் கிண்டருக்கு ஓடலாம் என்று ஒரு கூட்டமே நம்பிவிடும்.

"நம்ம வீட்டுக்குத் தீ வருமா?" என்ற கேள்விக்கு "வரவே வராது" என்று சத்தியம் செய்யாதீர்கள். ஸ்ட்ரேதுவென் என்று ஒரு சின்ன ஊர், கறுப்புச் சனிக்கிழமையில் 27 பேரை இழந்தது, பள்ளிக்கூடமே எரிந்தது. அந்தப் பள்ளிக்கு நேர்ந்ததை மறைக்காமல், சி.எஃப்.ஏ. தன்னார்வலர்களோடு சேர்ந்து பெரிய வகுப்புப் பிள்ளைகளையே தீயைப் பற்றிப் படிக்கவும் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவும் வைத்தார்கள். மறைப்பது குழந்தையைக் காப்பாற்றும் என்று நினைத்திருந்தால் அந்த ஊர்க்காரர்கள்தான் முதலில் மறைத்திருப்பார்கள். "எனக்குத் தெரியாது கண்ணு, வராமலே போகலாம். வர்ற மாதிரி இருந்தா நாம இங்கே இருக்க மாட்டோம்" என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான், அவளுக்கு வேண்டியதும் அதுதான். "தீயணைப்பு வண்டி வந்துடும்" என்றும் சொல்லாதீர்கள். பெரிய தீயில் ஒவ்வொரு வீட்டுக்கும் வண்டி வராது, வரும் என்று நம்பிக் காத்திருப்பதுதான் ஆபத்து.

டிவியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே வீட்டை ஐந்து தடவை காட்டினால் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஐந்து வீடு எரிகிறது. செய்தியை அணைத்துவிட்டு ரேடியோவில் ஏபிசி மெல்பர்ன் 774ஐக் காதில் மாட்டிக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஏப்ரல் வாக்கில் காட்டில் வேண்டுமென்றே திட்டமிட்டு எரிப்பார்கள், ஊரெல்லாம் புகை வாசனை அடிக்கும், எரிகிற பொருளைக் குறைத்து வைத்தால் கோடையில் தீ மெதுவாக ஓடும் என்பதற்காக. முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் அன்றைக்கு மறுபடியும் மூன்று ராத்திரித் தூக்கம் போகும்.

நம் பண்டிகைகளையும் இதில் இழுத்துக்கொள்ளலாம். கார்த்திகை தீபமும் பொங்கலும் இங்கே சரியாகத் தீப் பருவத்தில் வருகின்றன. டோட்டல் ஃபயர் பேன் அறிவித்த நாளில் திறந்தவெளியில் விறகடுப்பு மூட்டவோ தீபம் ஏற்றவோ சட்டப்படி முடியாது. ஒரு வருடம் கொல்லையில் செங்கல் வைத்துப் பானை ஏற்ற எல்லாம் தயார் செய்தபின் பேன் அறிவித்தார்கள், பொங்கல் சமையலறை காஸ் அடுப்பில்தான் பொங்கியது. என் பெண் அன்றைக்குக் கேட்ட "ஏன்" தான் எங்கள் வீட்டில் தீயைப் பற்றிய முதல் நீண்ட பேச்சு. பொங்கலோ பொங்கல் என்று சமையலறையில் கத்தியதில் ஸ்மோக் அலாரம் வேறு சேர்ந்துகொண்டது. நாள்காட்டியில் தேதி பார்க்கிற மாதிரி முள்ளையும் பார்த்துவிட்டு விளக்கேற்றுவோம் என்று வைத்துக்கொண்டால் குழந்தைக்கு இது தண்டனையாகத் தோன்றாது.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன், நிஜமாகப் பார்த்தால் உங்கள் திட்டத்தில் ஓட்டை அங்கேதான். டிசம்பர், ஜனவரியில் நீங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் ஒரு பாட்டியும் இரண்டு குழந்தைகளும். பாட்டிக்கு ஆங்கில அறிவிப்பு புரியாது, கார் ஓட்டத் தெரியாது. நம் ஊரில் காட்டுத்தீ என்றால் மலையில் எங்கோ தூரத்தில் எரிவது, இல்லை வதந்தி பரவுகிற வேகத்துக்கு உவமை. இந்த அட்டை அரைவட்டத்தைப் பேத்தியே பாட்டிக்குச் சொல்லிக் கொடுக்கட்டும், குழந்தை நன்றாகக் கற்றுக்கொள்வது அப்படித்தான். ஆனால் பொறுப்பைக் குழந்தை தலையில் வைக்காதீர்கள். எக்ஸ்ட்ரீம், கேட்டஸ்ட்ரோஃபிக் நாட்களில் உங்களில் ஒருவர் வேலைக்குப் போகாமல் அவர்களைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்புங்கள், இல்லை முதல் நாளே மூவரையும் நண்பர் வீட்டில் கொண்டு விடுங்கள். மற்ற நாட்களுக்குக் கார் வைத்திருக்கும் பக்கத்து வீட்டார் ஒருவரோடு பேசி வையுங்கள். விக்எமர்ஜென்சி ஹாட்லைன் 1800 226 226. தமிழில் பேச வேண்டுமானால் முதலில் 131 450 அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு, அவர் வழியாக அந்த எண்ணுக்குப் போகலாம். கண்ணெதிரே தீ என்றால் 000, "ஃபயர்" என்ற சொல்லையும் முகவரியையும் சொல்லப் பாட்டிக்குப் பழக்கி வையுங்கள், முகவரியைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி சுவரில் ஒட்டுங்கள்.

கடைசியாக, அந்த ராத்திரித் தூக்கம். அவளிடம் நேராகக் கேளுங்கள், படுக்கும்போது என்ன நினைக்கிறாய் என்று. நான் கேட்ட குழந்தைகளில் முக்கால்வாசிப் பேர் சொன்னது வீடு எரிவதைப் பற்றி இல்லை. "நான் தூங்கிட்டு இருக்கும்போது தீ வந்தா யாரு முழிச்சிருப்பாங்க?" என்பதுதான். இதற்கு வாய்வார்த்தை போதாது, காட்டுங்கள். ஆப்பில் உங்கள் வீட்டைச் சுற்றி வாட்ச் ஜோன் (குறித்த பகுதிக்கு எச்சரிக்கை வந்தால் போனுக்குச் சொல்லும் வசதி) போட்டு, அது எப்படிச் சத்தம் போடும் என்று காட்டி, போனை உங்கள் தலைமாட்டில் சார்ஜில் வைப்பதை அவளையே செய்யச் சொல்லுங்கள். போன் சத்தம் போடாமலும் போகலாம் என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும், அதனால் காற்று பலமாக அடிக்கும் எக்ஸ்ட்ரீம் ராத்திரியில் வீட்டில் இருக்க நேர்ந்தால் இருவரும் முறை வைத்து விழித்திருங்கள். யார் எந்த நேரம் என்று ஒரு தாளில் அவளே படம் வரைந்து ஒட்டட்டும். எங்கள் வீட்டுத் தாளில் அப்பாவுக்கு நேராக ஒரு ஆந்தையும் எனக்கு நேராக ஒரு காபி டம்ளரும் இருக்கும்.